பழைய எம்ஜிபிக்கு ஓவர்டிரைவ்: கழற்றிய சாமானா, பொட்டோங் கடை ஐந்து கியரா?

கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில் ரவாங்கைத் தாண்டியதும் மச்சானின் இடது கை கியர் கம்பிக்குப் போகும். காடி நாலாவது கியரில்தான் ஓடுகிறது, அதற்கு மேல் கியர் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் கை போகும். காரணம் சத்தம். 1971ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காடி, 1798 சிசி இன்ஜின். மணிக்கு 110 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 3800 சுற்றுக்கும் கொஞ்சம் மேலே கத்திக்கொண்டு போகிறது. ஈப்போவில் எங்கே சாப்பிடலாம் என்று அவர் கேட்டது, தாப்பாவில் இறங்கி நின்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அங்கே தே தாரிக் குடிக்கும்போது ஆரம்பித்தது பேச்சு. "மாப்ள, ஓவர்டிரைவ் ஒண்ணு போட்டுடலாமா?" நாலாவது கியருக்கு மேல் ஒரு படி கூட்டி, அதே வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் சாமான் அது. சரி என்று நானும் தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலுக்கு ஒரு வருஷத்துக்கும் மேலான ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தாயிற்று. இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கு அதில் பாதியாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். இந்தக் காடியின் பின் அச்சு விகிதம் 3.909. நாலாவது கியரில் இன்ஜின் 1000 சுற்று சுற்றினால் காடி மணிக்குச் சுமார் 28.8 கிலோமீட்டர் போகும். அந்தக் காலத்தில் கூடுதல் பணம் கட்டி வாங்கிய லேகாக் ஓவர்டிரைவின் விகிதம் 0.82. அதைப் போட்டால் 1000 சுற்றுக்கு 35 கிலோமீட்டர். 110 கிலோமீட்டரில் 3820 இருந்த சுற்று 3130க்கு இறங்கிவிடும். காது இதை உடனே உணரும், பெட்ரோல் கணக்கு கொஞ்சம் தாமதமாக உணரும்.

இப்போது மற்ற கியர்பாக்ஸ்களைப் பாருங்கள். ஐந்து கியர் மாற்றத்துக்கு இங்கிலாந்தில் அதிகம் எடுக்கப்படும் ஃபோர்டு டைப் 9 கியர்பாக்ஸில் ஐந்தாவது கியர் 0.82. மாஸ்டா எம்எக்ஸ்-5இன் ஐந்தாவது கியர் 0.814. எல்லாம் ஒரே எண்! நெடுஞ்சாலையில் கிடைக்கும் அமைதியை மட்டும் வைத்துப் பார்த்தால் மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை. இதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு மாதம் ஆனது, அதுவரை எது வேகம், எது சிக்கனம் என்று வீணாக வாதாடிக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம்தான் சரியான கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தோம். கெட்டுப்போனால் கோலாலம்பூரில் யார் திறப்பார்? பிடிக்கவில்லை என்றால் பழையபடி மாற்ற முடியுமா?

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஓவர்டிரைவ் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். எட்கர் டி நார்மன்வில் என்ற பொறியாளர் யோசித்து, ஷெஃபீல்டில் லேகாக் நிறுவனம் தயாரித்த சாமான் இது. ஜாகுவார், ஆஸ்டின் ஹீலி, டிரயம்ப், வால்வோ என்று பல காடிகளில் வந்தது. கியர்பாக்ஸின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் தனி அறை. உள்ளே நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி மூன்று சின்னப் பல்சக்கரங்கள், அவற்றுக்கு வெளியே ஒரு வளையப் பல்சக்கரம். சூரியனும் கோள்களும் மாதிரி என்று பள்ளிக்கூடத்தில் படம் போடுவார்களே, அதே அமைப்புதான். சாதாரணமாக ஓடும்போது எல்லாம் ஒரே கட்டியாகச் சுற்றும். ஸ்விட்சைத் தட்டினால் சோலினாய்டு என்ற மின்காந்தம் எண்ணெய் வழியை மாற்றும். மெயின் ஷாஃப்டில் உள்ள ஒரு கேம், சின்ன பம்ப் ஒன்றை இயக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த எண்ணெயின் அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு அளவில், கூம்பு வடிவக் கிளட்ச் ஒன்றை முன்னால் தள்ளி நடுச் சக்கரத்தை அசையாமல் பிடித்துவிடும். நடுவில் இருப்பது நின்றுவிட்டதால் வெளியே இருப்பது வேகமாகச் சுற்றும். கிளட்ச் மிதிக்க வேண்டாம், கியர் கம்பியைத் தொடவும் வேண்டாம், விரல் மட்டும் போதும்.

இதில் மின்சாரம், எண்ணெய், இயந்திரம் மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. இன்றைக்கு இருக்கும் இளம் போமன்கள் (மெக்கானிக்குகள்) பலர் இப்படி ஒன்றைப் பார்த்ததே கிடையாது. ஆனால் கடிகாரம் பழுதுபார்க்கும் அளவு பொறுமை இருக்கும் கை இருந்தால் எல்லாமே திறந்து பார்க்கக்கூடிய சாமான்தான். எங்களுக்கு அந்தக் கை செந்தூலில் கிடைத்தது. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர். வீட்டுப் பின்புறம் ஒரு லேத், ஒரு பெஞ்ச், இரண்டு பூனை.

அவரிடம் போவதற்கு முன்பே மச்சான் அவசரப்பட்டுவிட்டார். வெளிநாட்டில் பழைய காடிகளைப் பிரித்து விற்கும் ஒருவரிடமிருந்து ஓவர்டிரைவ் யூனிட்டை மட்டும் வாங்கினார். கப்பல் கூலியோடு 1,400 வெள்ளி (ரிங்கிட்). "ஓடிக்கொண்டிருந்த காடியிலிருந்து கழற்றியது" என்று எழுதியிருந்தது. எந்த வருஷம் ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதவில்லை.

அண்ணன் அதை பெஞ்சில் வைத்து முதலில் திறந்தது அடித்தட்டை. ஒரு காந்தத்தை உள்ளே விட்டு எடுத்தார். காந்தத்தில் ஒட்டியது கொஞ்சம்தான். ஒட்டாமல் எண்ணெயில் மிதந்தது, தீபாவளிச் சேலைச் சரிகையைப் பொடி செய்து தூவியது மாதிரி மின்னியது. "வெங்கலம்," என்றார். உள்ளே இருக்கும் வாஷர்கள் தேய்ந்து வரும் தூள் அது. அப்புறம் ஒருவழிக் கிளட்சை எடுத்தார். இது சைக்கிளின் ஃப்ரீ வீல் மாதிரி, ஒரு பக்கம் சுற்றினால் பிடிக்கும், மறுபக்கம் விடும். அதில் இருக்கும் உருளைகளை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். நாலைந்தில் கடுகு அளவுக்குத் துருக்குழிகள். எங்கேயோ மழையில் கிடந்து தண்ணீர் குடித்த சாமான். முன்னால் போகும் சக்தி முழுவதும் அந்த உருளைகள் வழியாகத்தான் போகிறது. அவை வழுக்கினால் இன்ஜின் கத்தும், காடி நகராது.

அது பரவாயில்லை, உருளை புதிதாகக் கிடைக்கும் என்று மச்சான் சொன்னார். அண்ணன் யூனிட்டின் வாயைத் திருப்பிக் காட்டினார். "ஷாஃப்ட் எங்க தம்பி?"

தனியாக யூனிட் வாங்குவதன் கதை அங்கேயே முடிந்துவிட்டது. ஓவர்டிரைவ் இல்லாத கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் வேறு, ஓவர்டிரைவ் உள்ளதன் மெயின் ஷாஃப்ட் வேறு. இரண்டாவதாகச் சொன்னது ஓவர்டிரைவுக்குள் நுழையும் வரிப்பற்களோடு, பம்ப் கேம் உட்காரும் இடத்தோடு செய்யப்பட்டது. கியர்பாக்ஸுக்கும் யூனிட்டுக்கும் நடுவே வரும் அடாப்டர் தட்டும் வேண்டும். ஷாஃப்டை மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸை முழுசாகப் பிரித்து, பேரிங், கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, திரும்ப அடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆகும் கூலியில் பாதி கியர்பாக்ஸ் வாங்கிவிடலாம். மெயின் ஷாஃப்ட் இல்லாத யூனிட்டை யாராவது மலிவு என்று காட்டினால் வாங்காதீர்கள். ஏற்கனவே உங்களிடம் ஓவர்டிரைவ் இருந்து, அது கெட்டுப்போய், உள்ளுறுப்புகளுக்காக இன்னொன்று தேடுகிறீர்கள் என்றால் மட்டும் அது பயன்படும். மச்சானின் 1,400 வெள்ளி இப்போது அண்ணனின் பெஞ்சுக்கு அடியில் இருக்கிறது. பூனை படுக்கிறது.

இதே இடத்தில் இன்னொரு ஆசையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் எல்லாருக்கும் வரும் ஆசை அது. ஷா ஆலம் பத்து தீகாவில் 1960களின் பின்பாதியிலிருந்தே வால்வோ இணைத்தார்கள். அதனால் பழைய காடிகளை வெட்டிச் சாமான் விற்கும் நம் ஊர் பொட்டோங் கடைகளில் பழைய வால்வோ இன்னும் கண்ணில் படும். வால்வோ 240இல் வந்த எம்46 கியர்பாக்ஸ் நாலு கியரோடு லேகாக் ஓவர்டிரைவ் சேர்ந்தது. "அதுவும் லேகாக், இதுவும் லேகாக், தூக்கி மாட்டலாமே?" முடியாது. லேகாக் ஒரே மாதிரி யூனிட் செய்யவில்லை. ஏ, டி, எல்ஹெச், ஜே, பி என்று குடும்பம் பெரியது, ஒவ்வொரு காடிக்கும் ஷாஃப்டும் தட்டும் வேறு. மேருவில் ஒரு தௌக்கே (கடை முதலாளி) வால்வோ கியர்பாக்ஸைக் காட்டி நல்ல விலை சொன்னார். மச்சான் கை பணப்பைக்குப் போனது, நான் தேநீர்க் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

சரி, முழு கியர்பாக்ஸாக வாங்கினால்? அதற்கு உங்கள் காடி எந்தப் பாதியைச் சேர்ந்தது என்று முதலில் தெரிய வேண்டும். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை வந்தது, 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1967 கடைசி வரை வந்தவற்றில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. அவற்றின் கியர்பாக்ஸில் டி வகை ஓவர்டிரைவ், விகிதம் 0.802. அதற்குப் பிறகு நாலு கியருக்கும் சிங்க்ரோ வந்தது, ஓவர்டிரைவும் எல்ஹெச் வகைக்கு மாறியது. புதிய கியர்பாக்ஸ் பருமனானது என்பதால் காடியின் நடுச் சுரங்கத்தையே அகலமாக்கினார்கள். ஆக, 1965ஆம் ஆண்டுக் காடியில் 1970ஆம் ஆண்டு கியர்பாக்ஸ் வேண்டுமென்றால் தகரத்தை வெட்ட வேண்டும். ஃப்ளைவீல், பின்தட்டு, ஸ்டார்ட்டர் எல்லாம் மாற வேண்டும். அந்தப் பழைய காடிக்காரர்கள் டி வகையோடு முழு கியர்பாக்ஸ் தேடுவதுதான் மரியாதை. அவர்களுக்கு, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளமும் மாறும்.

மச்சானின் காடி 1971. நாலு சிங்க்ரோ. இந்தப் பாதியில் ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸும் இல்லாததும் ஒரே நீளம், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைத் தொட வேண்டாம். (இருந்தாலும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஐம்பது வருஷத்தில் யார் எதை மாற்றினார்கள் என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது.) நீங்கள் சேர்க்க வேண்டியது ஒரு ஸ்விட்ச், கொஞ்சம் வயர், சரியான வேக மீட்டர் கேபிள். எல்ஹெச் சோலினாய்டு ஏறக்குறைய ஒரு ஆம்பியர்தான் இழுக்கும். டி வகையில் இழுக்கும் கணத்தில் பத்து மடங்குக்கும் மேல் போகும், அதற்கு ரிலே வேண்டும்.

கியர்பாக்ஸின் மேல் ஒரு தடுப்பு ஸ்விட்ச் இருக்கும். ஓவர்டிரைவ் மூன்றாவது நாலாவது கியரில் மட்டும் வேலை செய்ய விடுவது அது. இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஓவர்டிரைவ் பிடித்த நிலையில் ரிவர்ஸ் எடுத்தால் ஒருவழிக் கிளட்ச் உடைந்துவிடும். ஸ்விட்சை அணைத்த பிறகும் ஓவர்டிரைவ் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதாகச் சந்தேகம் வந்தால் காடியை முன்னாலேயே ஓட்டி ஓரம் கட்டுங்கள், பார்க்கிங்கில் பின்னால் எடுக்க வேண்டாம். கடைசி வருஷங்களில், 1977 வாக்கில், மூன்றாவது கியரில் ஓவர்டிரைவை எடுத்துவிட்டு நாலாவதில் மட்டும் வைத்தார்கள். அந்தக் கியர்பாக்ஸ் வாங்கினால் இந்த மாற்றத்தின் பாதி சுகம் போய்விடும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

காராக் நெடுஞ்சாலையில் கோம்பாக் டோலைத் தாண்டி கெந்திங் செம்பா வரை ஏற்றம். எம்ஜிபியின் மூன்றாவது கியர் 1.38, நாலாவது 1.0. இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. 80 கிலோமீட்டரில் ஏறும்போது மூன்றாவதில் 3800 சுற்று கத்தும், நாலாவதுக்கு மாற்றினால் 2800க்கு விழுந்து மூச்சு வாங்கும். மூன்றாவதோடு ஓவர்டிரைவ் சேர்ந்தால் விகிதம் 1.13. சுற்று 3150. இன்ஜின் இழுக்கும் இடத்தில் சரியாக உட்காரும். முன்னால் லாரி வந்தால் விரலால் தட்டி எடுக்கலாம், தாண்டியதும் மறுபடி போடலாம். எடுக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடாமல் லேசாக மிதித்துக்கொண்டே எடுங்கள், இல்லாவிட்டால் காடி முதுகில் தட்டும். ஐந்து கியர் கியர்பாக்ஸ்களில் இந்த நடுப்படி கிடையாது. எம்எக்ஸ்-5இல் மூன்றாவது 1.33, நாலாவது 1.0, அதே பள்ளம்.

ஐந்து கியருக்கு நியாயமாக ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இந்த நாட்டில் அதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் ஹாஃப்-கட் காடிகள் கிள்ளான், மேரு, சுங்கை பூலோ பக்கமெல்லாம் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. போய்ப் பார்த்தால்தான் தெரியும், அந்த மலையில் முக்கால்வாசி முன்சக்கரத்தில் ஓடும் காடிகள். இன்ஜினும் கியர்பாக்ஸும் குறுக்கே படுத்திருக்கும், எம்ஜிபிக்கு ஆகாது. பின்சக்கரத்தில் ஓடுபவை சில்வியா, ஆல்டெஸா, எம்எக்ஸ்-5 என்று விரல் விட்டு எண்ணலாம், அவற்றைத் தேடி ட்ரிஃப்ட் பையன்கள் நமக்கு முன்னாலேயே வந்து நிற்கிறார்கள். வேன் கியர்பாக்ஸ் எளிதில் கிடைக்கும், ஆனால் கியர் கம்பி வரும் இடம் வேறு, இருக்கைக்கு அடியில் வைத்து கியர் போட முடியாது.

கியர்பாக்ஸ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை எம்ஜிபி இன்ஜினோடு இணைக்கும் பெல் ஹவுசிங் அல்லது அடாப்டர் இங்கே கிடைக்காது. எம்எக்ஸ்-5க்கு இங்கிலாந்திலிருந்தும், டொயோட்டா கியர்பாக்ஸ்களுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்தும் தொகுப்பாக வருகிறது. கிளட்ச் தட்டு, தாங்கி, புதிய ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், மீட்டர் கேபிள் என்று பட்டியல் நீளும். கியர்பாக்ஸ் மலிவு, மாட்டும் சாமான்தான் விலை. மச்சான் கணக்குப் போட்டபோது முழு ஓவர்டிரைவ் கியர்பாக்ஸின் விலையைத் தொகுப்பு மட்டுமே தாண்டிவிட்டது.

ஆனால் மாட்டிவிட்டால் பிறகு நிம்மதி. செகாம்புட், சான் சோ லின் என்று எங்கே போனாலும் போமன் கண்ணை மூடிக்கொண்டு திறப்பார். சோலினாய்டு கிடையாது, பம்ப் கிடையாது. சிங்க்ரோ நவீனமானது, கியர் வெண்ணெயில் கத்தி போவது மாதிரி விழும். தினமும் அந்தக் காடியில் வேலைக்குப் போகிறவர் என்றால், காடி ஏற்கனவே வேறு இன்ஜின் மாறி அசல் தன்மை போனது என்றால், நான் தயங்காமல் ஐந்து கியரைத்தான் சொல்வேன். நம்முடைய கெரானில் (காடியின் பதிவுப் பத்திரத்தில்) இன்ஜின் எண்தான் எழுதியிருக்கிறது, கியர்பாக்ஸ் எண் கிடையாது, அதனால் இன்ஜின் மாற்றுவது அளவுக்கு அலைச்சல் வராது. மச்சானின் காடி அப்படியில்லை. அது ஒரு ரப்பர் எஸ்டேட் மேனேஜரின் காடியாக இருந்து, அதே எஸ்டேட்டில் கிராணியாக இருந்த அவருடைய அப்பாவின் கைக்கு வந்தது. இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் இன்னும் முதல் கெரானோடு பொருந்துகின்றன. அந்தக் கெரானை பிளாஸ்டிக்கில் போட்டு சாமி அறையில் வைத்திருக்கிறார். ஆணி அடித்து மாட்டாததுதான் குறை.

பின் அச்சின் விகிதத்தை மாற்றலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். வி8 எம்ஜிபியின் 3.07 போட்டால் 1000 சுற்றுக்கு 36 கிலோமீட்டருக்கு மேல் கிடைக்கும். அது 3.5 லிட்டர் இன்ஜினுக்குச் செய்தது. நம்முடைய 1.8 லிட்டருக்குப் போட்டால் முதல் கியர் இரண்டாவது மாதிரி நடந்துகொள்ளும், புக்கிட் துங்கு மேட்டில் சிவப்பு விளக்கில் நின்றால் கிளட்ச் நாறும். அந்தப் பேச்சை அன்றைக்கே விட்டுவிட்டோம்.

எதுவும் செய்யாமல் இருப்பது? இதைச் சொன்னால் மச்சானுக்குக் கோபம் வரும், ஆனால் நேர்மையாகப் பார்த்தால் அவருடைய காடி மாதத்தில் மூன்று ஞாயிறு கெப்போங்கிலிருந்து பத்துமலை வரை போய்வருகிறது. எம்ஆர்ஆர்2 சுற்றுச் சாலை நெரிசலில் ஓவர்டிரைவுக்கு வேலையே இல்லை. இந்த இன்ஜின் 3800 சுற்றில் மணிக்கணக்காக ஓடக்கூடியது, கெடாது. கெடுவது காதுதான். நடுச் சுரங்கத்துக்கு நல்ல ஒலித்தடுப்புப் பாய் விரித்து, மப்ளரை ஒழுங்கு செய்தால் தொல்லை பாதி குறையும். வருஷத்தில் இரண்டு தடவைதான் நெடுஞ்சாலை ஏறுகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தை பிரேக்கிலும் ரேடியேட்டரிலும் போடுங்கள். மச்சான் ஈப்போவுக்கு மாதம் ஒரு முறை போகிறார், மகள் அங்கே வாக்கப்பட்டிருக்கிறாள். அதனால் அவருக்கு இந்த வழி பொருந்தவில்லை.

கடைசியில் கியர்பாக்ஸ் பினாங்கிலிருந்து வந்தது. ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டில், லண்டனில் படித்து முடித்து வந்தவர் கொண்டுவந்த 1976ஆம் ஆண்டு எம்ஜிபி. கடற்காற்றில் தகரம் கரைந்து, கதவைத் திறந்தால் கீழ்ச்சட்டம் கையோடு வந்தது. கியர்பாக்ஸ் மட்டும் எண்ணெயில் ஊறிப் பத்திரமாக இருந்தது. பழைய பெட்ரோல் காடிகளில் நான் எப்போதும் சொல்வது, எண்ணெய் கசிகிற கியர்பாக்ஸைப் பார்த்துப் பயப்படாதீர்கள், வறண்டு கிடப்பதைப் பார்த்துப் பயப்படுங்கள். சொந்தக்காரர் மனசில்லாமல் கொடுத்தார். இன்ஜினோடு சேர்த்துத்தான் வெளியே எடுக்க முடியும் என்பதால் ஒரு பகல் முழுக்க செயின் பிளாக்கோடு போராட்டம்.

செந்தூலில் திறந்து பார்த்தபோது காந்தத்தில் மெல்லிய கறுப்புப் பசை மட்டும். கோன் (கூம்பு) கிளட்சின் லைனிங் வழவழப்பாகப் போயிருந்ததே தவிர கனம் குறையவில்லை, அண்ணன் நைஸ் சாண்ட் பேப்பரால் லேசாகத் தேய்த்தார். ரப்பர் வளையங்கள், சீல், ஃபில்டர் எல்லாம் புதிது. திரும்ப மாட்டும்போதுதான் அவருடைய அனுபவத்தைப் பார்த்தேன். ஓவர்டிரைவுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு உறுப்புகளில் வரிப்பற்கள் இருக்கின்றன, இரண்டும் ஒரே நேர்கோட்டில் நின்றால்தான் ஷாஃப்ட் நுழையும். ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரை விட்டு, டார்ச் அடித்து, பல் பல்லாகத் திருப்பி நேராக்கினார். அப்புறம் கியர்பாக்ஸைச் செங்குத்தாக நிறுத்தி, கேமின் தாழ்ந்த பக்கம் பம்பைப் பார்க்கும்படி வைத்து, யூனிட்டை இறக்கினார். ஒரு விரல்கடை இடைவெளியில் நின்றுவிட்டது. நான் ஸ்பானரை நீட்டினேன், நட்டை இறுக்கினால் இறங்கிவிடும் என்று.

"கையில இறங்காதது நட்டுல இறங்கினா, எதையோ உடைச்சிட்டு இறங்குது தம்பி."

மேலே தூக்கினார், ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார், இன்னொரு தடவை. நாலாவது தடவை 'க்ளுக்' என்று உட்கார்ந்தது. வெளியே ஒருவர் அப்பம் விற்றுக்கொண்டு போனார், மச்சான் அவரைக் கூப்பிட்டு எல்லாருக்கும் வாங்கினார்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே எண்ணெயில் ஓடுகின்றன, அது 20டபிள்யூ-50 மினியாக் ஈத்தாம், இன்ஜினுக்குப் போடும் அதேதான். கியர்பாக்ஸ் என்றதும் பழக்கத்தில் கெட்டியான கியர் எண்ணெயை ஊற்றிவிடுவார்கள். அது வெங்கல உறுப்புகளுக்கும் கோன் கிளட்சுக்கும் ஆகாது. வழுக்கலைக் கூட்டும் சேர்மானம் எதையும் ஊற்றாதீர்கள். கிளட்ச் பிடிப்பதே உராய்வில்தானே.

பழைய கியர்பாக்ஸை மச்சான் விற்கப் பார்த்தார், நான் விடவில்லை. எண்ணெய் நிரப்பி, துளைகளை அடைத்து, கிரீஸ் தடவி, பலகைப் பெட்டியில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. நாளைக்கு ஓவர்டிரைவ் தகராறு செய்தாலும், பேரன் அசல் காடி வேண்டும் என்றாலும் ஒரு ஞாயிறில் திரும்ப மாட்டலாம். ஐந்து கியருக்குப் போயிருந்தாலும் இதைச் செய்யலாம்தான், ஆனால் அதற்குள் தாங்கியும் ஷாஃப்டும் மாறியிருக்கும், எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும்.

ஒன்றை மட்டும் நாங்கள் பார்த்தும் தள்ளிப்போட்டோம். எல்ஹெச் யூனிட்டின் பக்கவாட்டு மூடியில் ஒரு லேபிள் இருக்கும். 1974 வாக்கு வரை வந்தவற்றில் நீலம், அதற்குப் பிறகு கறுப்பு. இரண்டும் மாட்டுவதற்கு ஒன்றுதான், ஆனால் நீலம் மைலுக்கு 1280 தடவை மீட்டர் கேபிளைச் சுற்றும், கறுப்பு 1000 தடவை. வேக மீட்டரின் முகத்திலேயே கீழே பொடி எழுத்தில் அந்த எண் அச்சாகியிருக்கும், கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரியும். மச்சானின் மீட்டரில் 1280. பினாங்கு கியர்பாக்ஸில் கறுப்பு லேபிள். மீட்டரைக் கழற்றி அளவு திருத்தக் கொடுக்கலாம் என்று அண்ணன் சொன்னார், தீபாவளி முடியட்டும் என்று மச்சான் சொன்னார்.

தீபாவளிக்கு மகள் வீட்டுக்கு ஈப்போ போனோம். தஞ்சோங் மாலிமில் விரலால் தட்டினார், சத்தம் அடங்கியது, நான் சொன்னதெல்லாம் அவருக்குக் கேட்டது. மீட்டர் ஒழுங்காக 90 காட்டியது. காடி போய்க்கொண்டிருந்தது 115இல். சம்மன் மூன்று வாரம் கழித்து வந்தது, கேமரா எடுத்த படத்தோடு.

"மாப்ள, பேசிக்கிட்டே வந்தீங்களே, சொல்லியிருக்கக் கூடாதா?" என்கிறார்.